எச்.ஐ.வி எங்கே தோன்றியது, எப்படிப் பரவியது: மரபணு வரிசைகளைக் கொண்டு தடம் காணும் முறை

லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அரிய வகை நிமோனியாவைப் பற்றி 1981 ஜூனில் ஒரு குறிப்பு வெளியானது. எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவப் பதிவு அதுதான். ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி வைரஸ் மத்திய ஆப்பிரிக்காவில் மனிதரிடையே பரவிக்கொண்டிருந்தது. ஒரு நோய் முதலில் கண்ணில் பட்ட இடத்தையும் அது தோன்றிய இடத்தையும் குழப்பிக்கொள்வதே இந்தத் துறையின் மிகப் பழைய பிழை. அதைத் தவிர்க்க உதவும் ஆதாரம் வைரஸின் மரபணு வரிசையிலேயே இருக்கிறது.

உயிரியல் பட்டதாரி ஒருவர் சாதாரண மடிக்கணினியிலேயே செய்து பார்க்கக்கூடிய முறையை இங்கே விளக்குகிறோம். 16 ஜிபி நினைவகம் இருந்தால் போதும். மென்பொருள்கள் எல்லாம் இலவசம்.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

‘எச்.ஐ.வி எங்கிருந்து வந்தது’ என்பது மூன்று கேள்விகள் சேர்ந்தது. எந்த விலங்கிலிருந்து வந்தது, மனிதரிடையே எப்போது பரவத் தொடங்கியது, எந்த வழியில் ஊர்களையும் நாடுகளையும் கடந்தது. மூன்றுக்கும் வேண்டிய தரவு வேறு வேறு.

எச்.ஐ.வி-1 என்ற பெயருக்குள் எம், என், ஓ, பி என்று நான்கு தொகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றும் குரங்கினத்திலிருந்து மனிதனுக்குத் தனித்தனியே தாவியது. எம், என் ஆகியவை சிம்பன்ஸியிடமிருந்து வந்தவை. ஓ, பி ஆகியவற்றுக்கு மிக நெருங்கிய வைரஸ் கொரில்லாவிடம் இருக்கிறது. உலகப் பரவல் முழுவதற்கும் காரணம் எம் தொகுதிதான். எச்.ஐ.வி-2 மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மங்கபே குரங்கிலிருந்து பலமுறை தாவியது. ஆகவே எச்.ஐ.வி-1, எச்.ஐ.வி-2 இரண்டையும் ஒரே வம்சாவளி மரத்தில் போட்டு ‘தொடக்க ஆண்டு’ கணக்கிடுவது பொருளற்றது. அப்படி வரும் பொது மூதாதை மனிதனில் வாழ்ந்ததே இல்லை.

விலங்கைப் பற்றிய கேள்விக்கு விடை காட்டிலிருந்து கிடைத்தது. கேமரூன் காடுகளில் சிம்பன்ஸிகளின் எச்சங்களை (மலத்தை) சேகரித்து, ஆர்.என்.ஏ சிதையாமல் காக்கும் திரவத்தில் இட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த எச்சங்களில் எதிர்ப்பொருளும் வைரஸ் ஆர்.என்.ஏவும் இருந்தன. எந்த விலங்கின் எச்சம் என்பதை மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ மூலம் உறுதிசெய்தார்கள். 2006இல் வெளியான முடிவு இது: எம் தொகுதிக்கு மிக நெருங்கிய வைரஸ்கள் கேமரூனின் தென்கிழக்கு மூலையில் வாழும் சிம்பன்ஸிக் கூட்டங்களிடம் உள்ளன, என் தொகுதிக்கு நெருங்கியவை அதே நாட்டின் தென்-மத்தியப் பகுதியில் உள்ளன. இந்த அளவுக்கு இடத்தைக் குறுக்க முடிந்ததற்குக் காரணம் ஒன்றுதான். சிம்பன்ஸிகள் தங்கள் எல்லையை விட்டு வெகுதூரம் போவதில்லை, அதனால் அவற்றின் வைரஸ் வகைகளும் நிலத்தோடு ஒட்டியே இருக்கின்றன.

வரிசைகளைத் திரட்டுதல்

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் நடத்தும் எச்.ஐ.வி வரிசைத் தரவுத்தளத்திலிருந்து தொடங்குங்கள். ஜென்பேங்க் என்னும் பொது மரபணுத் தரவுத்தளத்திலும் இதே வரிசைகள் உண்டு. ஆனால் லாஸ் அலமோஸ் தளத்தில் துணைவகை (எம் தொகுதிக்குள் பி, சி எனப் பிரியும் கிளை), மாதிரி எடுத்த நாடு, ஆண்டு, நோயாளிக் குறியீடு ஆகியவற்றைத் தேடலிலேயே வடிகட்டலாம். தேடும்போது கவனிக்க வேண்டியவை:

- மாதிரி எடுத்த ஆண்டு தெரிந்திருக்க வேண்டும். ஜென்பேங்கில் பதிவான ஆண்டு வேறு, ரத்தம் எடுத்த ஆண்டு வேறு. ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டால், மரபணு மாற்றங்களைக் கொண்டு காலத்தை அளக்கும் கடிகாரமே தவறும்.
- ஒருவருக்கு ஒரு வரிசை. ஒரே நோயாளியிடம் பெற்ற இருபது நகல்கள் உள்ளே வந்தால் அந்த ஊரின் எடை செயற்கையாகக் கூடும்.
- ஆய்வகத் திரிபுகளை நீக்குங்கள். எல்ஏஐ என்ற திரிபு உலகின் பல ஆய்வகங்களில் பிற மாதிரிகளுக்குள் கலந்துவிட்ட வரலாறு உண்டு. ஒரு வரிசை அதோடு ஏறக்குறைய ஒத்துப்போனால் அதைத் தள்ளிவிடுங்கள்.

முழு மரபணு, அதாவது வைரஸின் எல்லா மரபணுக்களும் சேர்ந்த தொகுதி, ஏறத்தாழ 9,700 எழுத்துகள். முழு நீளம் கிடைத்தால் நல்லது. ஆனால் காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசா போன்ற இடங்களின் பழைய மாதிரிகளில் பெரும்பாலும் என்வ் மரபணுவின் (வைரஸின் வெளியுறைப் புரதத்துக்கானது) சி2-வி3 பகுதியில் சில நூறு எழுத்துகளே கிடைக்கும். எந்தப் பகுதியை எடுத்தாலும் எச்எக்ஸ்பி2 என்னும் மேற்கோள் வரிசையின் எண்களைக் கொண்டு எல்லையைக் குறித்து வையுங்கள். அதில் காக் (உட்புறப் புரதங்களுக்கான மரபணு) 790 முதல் 2292 வரை, என்வ் 6225 முதல் 8795 வரை.

முதல் முயற்சிக்கு 150 முதல் 300 வரிசைகள் போதும். ஆயிரம் வரிசைகளோடு தொடங்குபவர்கள் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் கணினியை வாரக்கணக்கில் ஓடவிடுவார்கள்.

வரிசைகளை ஒத்திசைத்தல்

மாஃப்ட் மென்பொருளில் இட்டால் சில நிமிடங்களில் ஒத்திசைத்த வரிசைகள் (அலைன்மென்ட்) வந்துவிடும். அதை அப்படியே நம்பக் கூடாது. அலிவியூவில் திறந்து கண்ணால் பாருங்கள். இடைவெளிகள் மூன்றின் மடங்கில் இல்லாவிட்டால் எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கும் படிப்புச்சட்டம் எங்கோ உடைந்திருக்கிறது. என்வ் மரபணுவின் வி1, வி2, வி4, வி5 வளையங்களில் எழுத்துகள் சேர்வதும் விழுவதும் மிக அதிகம். எந்த எழுத்து எதற்கு இணை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்பகுதிகளை வெட்டி எறிவதே சரி. தரவு குறைகிறதே என்று தயங்க வேண்டாம். தவறாக இணைத்த எழுத்து, இல்லாத மாற்றத்தை இருப்பதாகக் காட்டும்.

போல் மரபணுவை (வைரஸின் நொதிகளுக்கானது) பயன்படுத்தினால் மருந்து எதிர்ப்புக்கான இடங்களையும் நீக்குங்கள். ஒரே மருந்தை உண்ட இருவரின் வைரஸ்கள் உறவே இல்லாமல் ஒரே மாற்றத்தைப் பெற்றிருக்கும். மரம் அவர்களைச் சேர்த்துக் கட்டிவிடும். செல்லின் டி.என்.ஏவிலிருந்து எடுத்த வரிசைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. உடலின் அபோபெக் நொதிகள் வைரஸின் ஜி எழுத்துகளைத் திரளாக ஏ ஆக்கிவிடும். லாஸ் அலமோஸ் தளத்தின் ஹைப்பர்மியூட் கருவியில் சோதித்து அத்தகையவற்றை விலக்குங்கள்.

மறுசேர்க்கையைப் பிடித்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போனால் பின்னால் வரும் எல்லாமே வீண். ஒரே செல்லுக்குள் இரண்டு வகை வைரஸ் இருந்தால், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி ஒரு வார்ப்பிலிருந்து மற்றதற்குத் தாவித் தாவி நகலெடுக்கும். பிறக்கும் வைரஸின் ஒரு பாதிக்கு ஒரு பெற்றோர், மறு பாதிக்கு வேறொரு பெற்றோர். மரமோ ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே மூதாதை என்று எடுத்துக்கொள்ளும். விளைவாக, கலப்பு வரிசை எங்கும் ஒட்டாமல் இரண்டு கிளைகளுக்கு நடுவே நிற்கும். கிளை நீளங்கள் திரியும். ஆண்டுக் கணக்கு தள்ளாடும். சிம்பன்ஸியின் வைரஸே சிவப்புத் தொப்பி மங்கபே, பெரும் வெண்மூக்குக் குரங்கு ஆகியவற்றின் வைரஸ்கள் கலந்து பிறந்ததுதான்.

ரெகா, காமெட் போன்ற தளங்களில் ஒவ்வொரு வரிசையின் துணைவகையையும் பாருங்கள். பிறகு ஆர்டிபி மென்பொருளில் முழுத் தொகுப்பையும் ஓட்டுங்கள். அதிலுள்ள முறைகளில் குறைந்தது மூன்று ஒரே முறிவிடத்தைச் சொன்னால் கலப்பு என்று ஏற்கலாம். ஐயமானவற்றை சிம்ப்ளாட்டில் வரைந்து பார்க்கலாம். அந்தக் கருவி 1999இல் அறிமுகமானது இந்தியாவின் சி துணைவகை வரிசைகளை ஆராய்ந்த கட்டுரையில்தான். கலப்பு வரிசையை ஒன்று நீக்குங்கள், அல்லது முறிவிடத்தில் வெட்டித் தனித்தனி மரங்கள் கட்டுங்கள்.

முதல் மரமும் அதன் வேரும்

ஐக்யூ-ட்ரீயில் மாடலைத் தானே தேர்ந்துகொள்ளும்படி விட்டு, 1,000 அதிவேக பூட்ஸ்ட்ராப்களுடன் (தரவை மாற்றி மாற்றி எடுத்துக் கிளைகளின் உறுதியைச் சோதித்தல்) மரம் கட்டுங்கள். எச்.ஐ.விக்குப் பெரும்பாலும் காமா பரவலோடு கூடிய ஜிடிஆர் வகை மாடல்தான் வரும். இந்தப் பூட்ஸ்ட்ராப்பில் 95க்குக் கீழுள்ள கணுக்களை (கிளைகள் பிரியும் இடங்களை) ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். சாதாரண பூட்ஸ்ட்ராப்பின் 70 என்ற அளவுகோலை இங்கே பயன்படுத்துவது அடிக்கடி நேரும் தவறு.

இப்படி வரும் மரத்துக்கு வேர் இல்லை. எம் தொகுதிக்கு வேர் இட, தென்கிழக்குக் கேமரூன் சிம்பன்ஸிகளிடம் கிடைத்த எம்பி66, எல்பி7 போன்ற வரிசைகளை வெளிக்குழுவாக, அதாவது எம் தொகுதிக்கு வெளியேயுள்ள ஒப்பீட்டு வரிசைகளாக, சேர்க்கலாம். வெளிக்குழுவின் கிளை மிக நீளமானால் வேர் தவறான இடத்தில் ஒட்டும். எனவே கடிகாரத்தின் அடிப்படையில் வரும் வேரையும் ஒப்பிடுங்கள்.

வேரிட்ட மரத்தில் முதலில் பார்க்க வேண்டியது பன்முகத்தை. காங்கோ ஜனநாயகக் குடியரசின் வரிசைகளைக் குறித்துப் பாருங்கள். எம் தொகுதியின் ஏறக்குறைய எல்லாத் துணைவகைகளும் அங்கே இருக்கும். எந்தத் துணைவகையிலும் சேராத ஆழமான தனிக் கிளைகளும் இருக்கும். அமெரிக்க வரிசைகளோ பெரும்பாலும் பி என்ற ஒரே கொத்துக்குள் அடங்கும். நோயாளி எண்ணிக்கை இங்கே கணக்கில்லை. வைரஸ் நெடுநாள் வாழ்ந்த இடத்தில் கிளைகள் ஆழமாகவும் பலவாகவும் இருக்கும். பின்னால் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒன்றிரண்டு கிளைகளின் வாரிசுகள் மட்டுமே இருப்பார்கள்.

கடிகாரம் ஓடுகிறதா?

எச்.ஐ.வி ஆண்டுக்கு ஓர் இடத்துக்கு ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு, மூன்று மாற்றங்கள் வரை பெறுகிறது. ஆண்டு தெரிந்த மாதிரிகள் இருந்தால் இந்த வேகத்தைத் தரவிலிருந்தே அளக்கலாம். டெம்ப்எஸ்ட் கருவியில் மரத்தைத் திறந்து ஆண்டுகளைச் சேருங்கள். 1986 என்று ஆண்டு மட்டும் தெரிந்தால் அதன் நடுப்புள்ளியாக 1986.5 என இடுங்கள். குறுக்கச்சில் மாதிரி ஆண்டு, நெடுக்கச்சில் வேரிலிருந்து நுனி வரை உள்ள தூரம். கோட்டின் சாய்வு வேகத்தைச் சொல்லும். கோடு குறுக்கச்சைத் தொடும் ஆண்டு பொது மூதாதையின் ஆண்டு.

கையாலேயே சரிபார்க்கலாம். வேகம் 0.002, 2000ஆம் ஆண்டு மாதிரியின் தூரம் 0.18 என்று வைத்துக்கொண்டால், 0.18ஐ 0.002ஆல் வகுக்க 90 ஆண்டுகள். மூதாதையின் ஆண்டு 1910.

கோட்டிலிருந்து வெகுவாக விலகும் புள்ளி ஒவ்வொன்றையும் விசாரியுங்கள். ஆண்டு தவறாகப் பதிவாகியிருக்கலாம், கலப்பு வரிசையாக இருக்கலாம், ஆய்வகக் கலப்படமாகவும் இருக்கலாம். 1959இல் மான்செஸ்டரில் இறந்த ஒருவரின் திசுவில் எச்.ஐ.வி இருந்ததாக 1990இல் செய்தி வந்தது. பின்னர் வரிசையை ஆராய்ந்தபோது அது நவீன வைரஸ்களைப் போலவே இருந்தது. 1959இல் உறைந்துபோன வைரஸின் கிளை குட்டையாக இருந்தாக வேண்டும். அது இல்லை, மாதிரி கலப்படம் என்று 1995இல் தெளிவானது.

சாய்வே இல்லாமல் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்து வரும் பீஸ்ட் மென்பொருள் எப்படியும் ஓர் ஆண்டைத் தரும். அது தரவிலிருந்து வந்ததாக இருக்காது.

பீஸ்ட்டில் ஆண்டைக் கணக்கிடுதல்

கிளைக்குக் கிளை வேகம் மாற இடம் தரும் தளர்ந்த லாக்நார்மல் கடிகாரத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் கிளைகளும் ஒரே வேகத்தில் ஓடுவதாகக் கொள்ளும் கடிகாரம் எச்.ஐ.விக்குப் பொருந்துவது அரிது. வைரஸ் தொகையின் பெருக்கத்துக்கு ஸ்கைகிரிட் மாடல், மரங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் சங்கிலியின் நீளம் 10 கோடிப் படிகள், 10,000 படிக்கு ஒரு மரம். இதையே வேறு தொடக்க எண்ணோடு இன்னொரு முறையும் ஓட்டுங்கள். ஓட்டத்தின் முடிவைப் பார்க்க உதவும் டிரேஸர் கருவியில் முதல் 10 விழுக்காட்டைக் கழித்துவிட்டு, ஒவ்வோர் அளவுருவின் செயல்திறன் மாதிரி அளவும் (ஒன்றையொன்று சாராத மாதிரிகளின் எண்ணிக்கை) 200ஐத் தாண்டியதா என்று பாருங்கள். இரண்டு ஓட்டங்களும் ஒரே இடத்தில் நிலைகொள்ளாவிட்டால் படிகளை நீட்டுங்கள்.

கூடவே இரண்டு சோதனைகள். தரவே இல்லாமல் முன்கணிப்பை (தரவைப் பார்க்கும் முன் மாடலில் நாம் இடும் அனுமானத்தை) மட்டும் ஓட்டிப் பாருங்கள். அதே ஆண்டு வந்தால் உங்கள் விடை முன்கணிப்பின் எதிரொலி. மாதிரி ஆண்டுகளை மாற்றிப் போட்டுப் பத்து முறை ஓட்டுங்கள். உண்மையான வேகம் அந்தப் பத்தின் வரம்புகளுக்கும் வெளியே நிற்க வேண்டும்.

விடையை ஒரே ஆண்டாக எழுதக் கூடாது. எம் தொகுதியின் மூதாதைக்கு 2000இல் வந்த மதிப்பீடு 1931, வரம்பு 1915 முதல் 1941. கின்ஷாசாவின் 1959, 1960ஆம் ஆண்டு மாதிரிகளோடு 2008இல் செய்த கணக்கு 1908, வரம்பு 1884 முதல் 1924. 2014இல் கின்ஷாசாவை வேராகக் காட்டிய ஆய்வு சொன்னது 1920ஐ ஒட்டி, வரம்பு 1909 முதல் 1930. மூன்று வரம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. எந்த மாதிரிகள், எந்தக் கடிகாரம் என்பதைப் பொறுத்தே நடுப்புள்ளி நகர்ந்திருக்கிறது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்த ஆண்டு எம் தொகுதி கிளைவிடத் தொடங்கிய ஆண்டு. சிம்பன்ஸியிலிருந்து தாவிய ஆண்டு அதற்கு முந்தையதாகவும் இருக்கலாம்.

எச்.ஐ.வியின் வேகத்தைக் கொண்டு குரங்கு வைரஸ்களின் தொன்மையை அளக்கவும் முடியாது. நெடுங்காலத்தில் ஒரே இடம் திரும்பத் திரும்ப மாறுவதால் பழைய மாற்றங்கள் மறைந்துபோகும், வயது குறைத்துக் காட்டும். ஆப்பிரிக்க நிலத்திலிருந்து பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிரிந்து கிடக்கும் பியோகோ தீவின் குரங்குகளை 2010இல் ஆராய்ந்தபோது, இந்த வைரஸ் குடும்பத்துக்குக் குறைந்தது 32,000 ஆண்டு வயது என்று தெரிந்தது. அதற்குமுன் கடிகாரம் சில நூறு, சில ஆயிரம் ஆண்டுகளையே சொல்லிக்கொண்டிருந்தது.

பரவிய வழியை வரைதல்

ஒவ்வொரு நுனிக்கும் ஊர் அல்லது நாட்டைச் சேர்த்து, பீஸ்ட்டின் இடப்பரவல் மாடலை ஓட்டுங்கள். போக்கும் வரத்தும் வெவ்வேறு வேகத்தில் இருக்க அனுமதிக்கும் வகையைத் தேர்ந்து, தேவையற்ற வழிகளை மாடலே கழிக்கும்படி செய்யுங்கள். பேயஸ் காரணி (ஒரு வழிக்குத் தரவு தரும் ஆதரவின் அளவு) 3க்குக் கீழுள்ள வழிகளை வரைபடத்தில் போடாதீர்கள்.

மிகவும் ஏமாற்றும் படி இதுதான். எந்த ஊரிலிருந்து அதிக வரிசைகள் இருக்கின்றனவோ, அதையே வேராகக் காட்டும் சாய்வு இந்த மாடலுக்கு உண்டு. அதனால் ஓர் ஊருக்கு 20 என்று சம அளவில் எடுத்து, வெவ்வேறு தேர்வுகளோடு பலமுறை ஓட்டுங்கள். நுனிகளின் ஊர்ப் பெயர்களைக் கலைத்துப் போட்டும் ஓட்டுங்கள். கலைத்த பின்னும் அதே ஊர் வேராக வந்தால் உங்கள் முடிவு வெறும் எண்ணிக்கையின் விளைவு. மாதிரியே எடுக்காத ஊரை எந்த மரமும் காட்டாது என்பதையும் முடிவோடு சேர்த்து எழுதுங்கள்.

அடுத்து, மரம் சொல்லும் வழி மனிதர்கள் உண்மையில் போன வழியா என்று வரலாற்றில் தேடுங்கள். தென்கிழக்குக் கேமரூனிலிருந்து சங்கா ஆறு காங்கோ ஆற்றோடு கலந்து கின்ஷாசாவை அடைகிறது. குடியேற்ற காலத்தில் தந்தமும் ரப்பரும் ஆற்று வழியாகவே போயின. கின்ஷாசாவிலிருந்து வைரஸ் 1930களிலேயே எதிர்க்கரையின் பிராசவில்லுக்கும், தொலைவிலுள்ள சுரங்க நகரங்களான லுபும்பாஷிக்கும் முபுஜி-மாயிக்கும் போய்ச் சேர்ந்ததாக 2014 ஆய்வு காட்டியது. சுரங்க நகரங்களுக்கான தடங்கள் ரயிலால் இணைந்தவை. 1940களின் இறுதியில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கின்ஷாசா வழியே ரயிலில் போய்வந்தார்கள். பி துணைவகை 1960களில் ஹைட்டிக்குப் போனது. காங்கோ விடுதலை பெற்றபின் ஹைட்டியின் ஆசிரியர்களும் தொழில்முறையாளர்களும் அங்கே வேலைக்குச் சென்று திரும்பிய காலம் அது.

ரயில் பாதையை முன்னமே மனத்தில் வைத்துக்கொண்டு மரத்தில் தேடக் கூடாது. மரத்தை முடித்துவிட்டு, பிறகு ஆவணத்தைத் திறக்க வேண்டும்.

பழைய மாதிரிகளின் மதிப்பு

1959, 1960ஆம் ஆண்டு மாதிரிகள் இரண்டும் ஒரே நகரில் எடுத்தவை. அவற்றின் வரிசைகளுக்கு இடையே ஏறத்தாழ 12 விழுக்காடு வேறுபாடு. அந்த ஆண்டுகளிலேயே வைரஸ் அவ்வளவு கிளைத்திருந்தது என்றால் தொடக்கம் பல பத்தாண்டுகள் முந்தியதாகத்தான் இருக்க வேண்டும். மருத்துவமனைகளின் நோயியல் துறைகளில் பாரஃபின் மெழுகில் பதித்து வைத்த திசுக்கட்டிகள் இதனால்தான் பொக்கிஷம். 1966இல் கின்ஷாசாவில் எடுத்த அப்படிப்பட்ட ஒரு திசுவிலிருந்து ஏறக்குறைய முழு மரபணுவையே 2020இல் மீட்டார்கள்.

ஃபார்மலினும் காலமும் ஆர்.என்.ஏவைத் துண்டாக்கியிருக்கும். எனவே மிகச் சிறிய துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பி.சி.ஆர் செய்ய வேண்டும். நவீன எச்.ஐ.வியைக் கையாண்ட அறையில் இதைச் செய்யவே கூடாது. 1960ஆம் ஆண்டுத் திசுவை இரண்டு ஆய்வகங்கள் தனித்தனியே ஆராய்ந்து ஒரே விடையைப் பெற்றன. அந்த அளவு கண்டிப்பு வேண்டும்.

மரம் யாரையும் குற்றவாளி ஆக்காது

இரண்டு வரிசைகள் அருகருகே இருந்தால் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தார் என்று பொருளில்லை. இடையில் மாதிரி எடுக்கப்படாத பலர் இருந்திருக்கலாம். அமெரிக்காவுக்கு எய்ட்ஸைக் கொண்டுவந்தவர் என்று ஒரு கனடா விமானப் பணியாளரைப் பல ஆண்டுகள் தூற்றினார்கள். 1978, 1979இல் சேமித்த ரத்தத்திலிருந்து எட்டு முழு மரபணுக்களை மீட்டு 2016இல் ஆராய்ந்தபோது, வைரஸ் 1970ஐ ஒட்டியே நியூயார்க்கை அடைந்து கிளைத்திருந்தது தெரிந்தது; அவருடைய வரிசை மரத்தின் நடுவே சாதாரணமாக நின்றது. இதே முறை நேர்மையாகப் பயன்பட்டால் மனிதரைக் காக்கவும் செய்யும். லிபியாவின் பெங்காசியில் குழந்தைகளுக்கு எச்.ஐ.வியைப் புகுத்தியதாகப் பல்கேரியச் செவிலியர்கள்மேல் வழக்கு நடந்தபோது, அவர்கள் 1998 மார்ச்சில் வருவதற்கு முன்பே அந்த வைரஸ் அங்கே பரவிக்கொண்டிருந்தது என்பதைக் கடிகாரக் கணக்கு காட்டியது.

நோயாளிக் குறியீட்டோடு ஊர், ஆண்டு, பால் எல்லாம் சேர்ந்தால் சிறிய ஊரில் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். வெளியிடும் கோப்பில் மாவட்டத்துக்குக் கீழான இடப்பெயர் வேண்டாம்.

பழகிப் பார்க்க ஒரு தரவு

இந்தியாவின் சி துணைவகை நல்ல பயிற்சி. சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் 1986இல் நாட்டின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அது கண்டறிந்த ஆண்டு மட்டுமே. வைரஸ் வந்த ஆண்டைத்தான் நீங்கள் கணக்கிடப் போகிறீர்கள். புனேயில் 1993 முதல் 1995 வரை எடுத்த முழுநீள வரிசைகள் தரவுத்தளத்தில் உள்ளன. அவற்றோடு பிந்தைய இந்திய வரிசைகளையும், தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, சாம்பியா, எத்தியோப்பியா ஆகியவற்றின் சி வரிசைகளையும் நாட்டுக்கு 20 எனச் சேருங்கள். மணிப்பூர், சீனாவின் யுன்னான் மாகாணம் ஆகியவற்றின் வரிசைகளில் பி-சி கலப்புகள் மிகுதி. ஆர்டிபியில் ஓட்டாமல் சேர்க்காதீர்கள்.

இந்திய வரிசைகளில் பெரும்பாலானவை ஒரே கொத்தாக, ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதி நாடுகளின் வரிசைகளுக்குள் வேர்விட்டு நிற்பதைக் காண்பீர்கள். அந்தக் கொத்தின் மூதாதை ஆண்டையும், அதற்கு முந்தைய கணுவின் ஆண்டையும் இரண்டையுமே குறித்துக்கொள்ளுங்கள். வைரஸ் நாட்டுக்குள் நுழைந்தது அந்த இரண்டுக்கும் இடையில். 1990க்கு முந்தைய மாதிரிகள் அரிது என்பதால் இடைவெளி அகலமாகவே வரும். அதைக் குறுக்கிக் காட்ட முயலாமல் வந்தபடியே எழுதுங்கள்.